டிஸ்க் குடியிருந்த அலமாரி

பதினோரு ஆஸ்பத்திரிகளின் கணினிகளைப் பார்த்துக்கொள்வதற்கென்று ஒரு நிறுவனம் இருந்தது. ஏழு மாடிக் கட்டடம். அறுநூறு பேர் காலை ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்து, கணினிகள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாலை ஐந்தரைக்கு வீட்டுக்குப் போனார்கள். ஏதாவது ஒரு கணினி நின்றுபோனால் அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படி அடிக்கடி நின்றுபோனதால்தான் புதிதாக ஒருவரை வேலைக்கு எடுத்தார்கள். சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. ஆனால் சேர்ந்த முதல் நாளே வாசல் காவலர் தன் நோட்டில் ‘பிளகின் எழுத வந்தவர்’ என்று எழுதிவிட்டார். மறுநாளிலிருந்து இயக்குநர் முதல் லிஃப்ட்காரர் வரை அவர் எல்லோருக்கும் பிளகின்காரர் ஆகிவிட்டார்.

அவர் செய்ய வந்த வேலை இதுதான். லேப் ரிப்போர்ட்டுகளை டாக்டர்களின் திரைக்கு அனுப்பும் மென்பொருள் ஒரு கன்டெய்னருக்குள் ஓடியது. கன்டெய்னர், கையை வீசிக்கொண்டு வீடு மாறும் வாடகைக்காரன் மாதிரி. இருக்கிற சர்வர் படுத்துவிட்டால் அடுத்த நொடி வேறொரு சர்வரில் குடியேறிவிடும். சாமான்களை யாராவது தூக்கிவந்து கொடுத்தால்தான் உண்டு. இங்கே சாமான் என்பது ரிப்போர்ட்டுகள். அவை கிளவுட் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்த ஒரு டிஸ்கில் இருந்தன. அந்த டிஸ்க் ஒரு நேரத்தில் ஒரு சர்வரோடு மட்டுமே ஒட்டும். செத்த சர்வரிலிருந்து அதைக் கழற்றி, புது சர்வரில் மாட்டி, கன்டெய்னரின் கையில் கொடுக்க வேண்டும். இதை அதுவரை ஆட்கள் உட்கார்ந்து செய்தார்கள். ஆறு மணி நேரம் பிடித்தது. அதில் ஐந்தே முக்கால் மணி நேரம், யார் செய்வது என்று முடிவெடுப்பதற்கு.

இதை ஆள் இல்லாமல் செய்யும் குட்டி மென்பொருள்தான் பிளகின். பிளகின்காரர் அதைப் பதினோரு நாளில் எழுதி முடித்தார். சர்வர் செத்துவிட்டதா என்று அது கிளவுட் கம்பெனியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, டிஸ்கைக் கழற்றி, மாட்டி, கொடுக்கும். மொத்தம் நாற்பது வினாடி. முப்பது தடவை சோதித்தார். முப்பது தடவையும் நாற்பது வினாடிதான். தப்பு அங்கேதான் நடந்தது. சோதித்துப் பார்த்த கையோடு வாயை மூடிக்கொண்டு பொருத்தியிருக்கலாம். அவர் போய் ‘சேமிப்பக ஒழுங்குக் குழு’விடம் காட்டினார்.

குழுவில் மூன்று பேர். தலைவர், எதையும் எழுந்து நின்று பேசுகிறவர், பேசுவது இரண்டு பேரிடமாக இருந்தாலும். இணக்க மேடம், விதிகளின் காவலர், குரல் உயர்த்தாதவர். சொத்துப் பதிவாளர், நிறுவனத்தின் நாற்காலி, மேசை, தொட்டிச் செடி எல்லாவற்றுக்கும் எண் ஒட்டியவர்.

பிளகின்காரர் ஒரு சோதனை சர்வரை அணைத்தார். திரையில் டிஸ்க் இடம் மாறியது. நாற்பது வினாடிதான்.

“இதை இப்ப யார் செஞ்சா?” என்று தலைவர் கேட்டார்.

“யாரும் செய்யல சார். தானா நடந்தது.”

தலைவர் எழுந்து நின்றார். “பிளகின்காரரே, உங்க உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனா தானா நடக்கிற ஒரு காரியத்துக்கு யாரைப் பாராட்டுறது? சரி, பாராட்டை விடுங்க. யாரைத் திட்டுறது? இருபத்தாறு வருஷமா இந்த நிறுவனத்துல ஒரு துரும்பு கூட மூணு பேர் கையெழுத்து இல்லாம நகர்ந்ததில்ல. அதனாலதான் இங்க எதுவும் காணாமப் போனதில்ல. நாற்பது வினாடியில மூணு கையெழுத்து வாங்க முடியுமா? நீங்களே சொல்லுங்க.”

“முடியாது சார்.”

“பாத்தீங்களா, நீங்களே ஒத்துக்கிட்டீங்க.”

அதன் பிறகு நான்கு மாதம் குழு பிளகினை ஆராய்ந்தது. ஆராய்ந்தது என்று அவர்கள்தான் சொன்னார்கள். பிளகின்காரர் பார்த்தது, வாரம் இரண்டு தடவை பிஸ்கட் தட்டு உள்ளே போய் வெறும் தட்டாக வெளியே வந்ததைத்தான்.

முதலில் வந்தது இணக்க மேடத்தின் திருத்தம். ஒரு பொருள் கைமாறும்போது ஒப்படைப்பவரின் சம்மதம் வேண்டும் என்பது விதி. ஆகவே டிஸ்கைக் கழற்றும் முன்பு, பழைய சர்வரிடம் பிளகின் ஒப்புதல் கேட்க வேண்டும். ஒப்புதல் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

“மேடம், பழைய சர்வர் செத்துப்போனதாலதான் நாம மாத்தவே போறோம்.”

“செத்துப்போச்சுன்னு நீங்க சொல்றீங்க. அது சொல்லுதா?”

“செத்தது எப்படி மேடம் சொல்லும்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்,” என்றார் மேடம், மிகவும் பொறுமையாக. “உயிரோட இருக்கற சர்வர்கிட்டேருந்து நாம பிடுங்கிட்டோம்னு நாளைக்கு ஒரு கேள்வி வந்துடக் கூடாது இல்லையா? ரெண்டு சர்வர் ஒரே டிஸ்க்ல எழுதினா எல்லாம் நாசமாயிடும்னு நீங்கதானே அறிக்கையில எழுதியிருக்கீங்க?”

எழுதியிருந்தார். அதைத் தடுக்கத்தான் பிளகின் கிளவுட் கம்பெனியிடம் கேட்டு உறுதி செய்கிறது என்பதையும் அடுத்த வரியிலேயே எழுதியிருந்தார். அடுத்த வரி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. குழு ஒரு கூட்டத்துக்கு ஒரு பக்கம்தான் படிக்கும். அவர் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தார். ‘கருத்து பெறப்பட்டது’ என்று ஒரு சீல் குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். வேறு வழியில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஒப்புதல் வரிகளைத் தன் கையாலேயே பிளகினில் எழுதிச் சேர்த்தார்.

அடுத்து சொத்துப் பதிவாளர் ஒட்டும் பசையோடு வந்தார்.

“டிஸ்க்குக்கு எண் ஒட்டணும். எங்க இருக்கு?”

“கிளவுட்ல சார்.”

“எத்தனையாவது மாடி?”

பிளகின்காரர் விளக்கினார். அது வேறு ஊரில், வேறு கம்பெனியின் கட்டடத்தில், எந்தப் பெட்டி என்று அவர்களுக்கே சொல்லத் தெரியாத இடத்தில் இருக்கிறது; நமக்குத் தெரிவதெல்லாம் அதன் அடையாள எண் மட்டுமே என்றார். பதிவாளர் முகம் இருண்டது. இருபத்தாறு வருடத்தில் அவர் எண் ஒட்டாத பொருள் அந்த நிறுவனத்தில் இருந்ததே இல்லை. அவர் ஓய்வு பெறவும் நான்கு மாதம்தான் இருந்தது. பார்க்கப் பாவமாக இருக்கவே, பிளகின்காரர் அடையாள எண்ணை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார். “இதுல ஒட்டிக்குங்க சார்,” என்றார்.

இரக்கப்பட்டது அவருடைய இரண்டாவது தப்பு.

பதிவாளர் தாளில் எண் ஒட்டினார். எண் ஒட்டிய பொருளுக்கு இடம் வேண்டும். குழு அறையில் ஓர் இரும்பு அலமாரி வந்து இறங்கியது. அதில் பன்னிரண்டு அறைகள், பன்னிரண்டு சர்வர்களுக்கு. டிஸ்க் அப்போது நான்காம் சர்வரில் இருந்ததால் தாளை நான்காம் அறையில் வைத்தார்கள். பூட்டு போட்டார்கள். சாவிக்கு ஒரு பதிவேடு வைத்தார்கள். ஒரு மாதத்தில் குழுவில் யாரும் ‘தாள்’ என்று சொல்வதே நின்றுபோனது. “டிஸ்க் பத்திரமா இருக்கா?” என்று தலைவர் கேட்பார். பதிவாளர் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, “இருக்கு சார்,” என்பார்.

இந்தச் சமயத்தில்தான் பிளகின்காரரின் அக்காவுக்குக் கழுத்தில் கட்டி என்று தெரிந்தது. அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை, தம்பி ஒருவர்தான். கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் கட்டியை மட்டும் எடுப்பதா, கூட இன்னும் என்னென்ன எடுப்பதா என்று சர்ஜன் முடிவு செய்வார். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஆபரேஷன் குறித்தார்கள். அது தவறினால் அடுத்த தேதி ஏழு வாரம் கழித்து. ஏழு வாரம் தாங்காது என்று டாக்டர் தம்பியிடம் மட்டும் தனியாகச் சொன்னார். அக்கா கணக்கு டீச்சர் என்பதால் யாரும் சொல்லாமலேயே கணக்குப் போட்டுவிட்டார்.

புதன்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு நான்காம் சர்வர் செத்தது.

கிளவுட் கம்பெனி உடனே மெயில் அனுப்பியது: வன்பொருள் கோளாறு, இந்த சர்வர் இனி திரும்பாது. கன்டெய்னர் அடுத்த நொடியே ஒன்பதாம் சர்வரில் குடியேறிவிட்டது. பிளகின் விழித்துக்கொண்டு, விதிப்படி, செத்த சர்வரிடம் பணிவாகச் சம்மதம் கேட்டது. பிறகு காத்திருந்தது. பிளகின்காரரின் திரையில் ஒரே ஒரு வரி: ‘நான்காம் சர்வரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.’ அவரே எழுதிய வரி. பதினோரு ஆஸ்பத்திரிகளில் டாக்டர்களின் திரைகள் வெறிச்சென்று இருந்தன.

அவர் குழு அறைக்கு ஓடினார். குழு கூடுவதற்கு மூன்று மணி நேர முன்னறிவிப்பு வேண்டும் என்றார் மேடம். பன்னிரண்டு மணிக்கு அக்கா போன் செய்தார்.

“டேய், ரிப்போர்ட் திரையில வரலையாம். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வரலைன்னா என் இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்களாம். உங்க ஆபீஸ்தானே அது?”

“எங்க ஆபீஸ்தான்கா.”

“என்னதான்டா பண்றீங்க அங்க?”

“செத்த மெஷின் சம்மதம் சொல்லட்டும்னு காத்துக்கிட்டிருக்கோம்கா.”

“என் கிளாஸ் பசங்க வீட்டுப்பாடம் எழுதலைன்னா கூட இதைவிட நல்ல காரணம் சொல்லுவானுங்கடா,” என்றார் அக்கா.

இரண்டு மணிக்குக் குழு கூடியது. பிளகின்காரர் மெயிலைக் காட்டினார். மெயில் கிளவுட் கம்பெனியிடமிருந்து வந்திருக்கிறதே தவிர சர்வரிடமிருந்து வரவில்லை என்று மேடம் சுட்டிக்காட்டினார். தலைவர் எழுந்து நின்றார்.

“இது ஒரு சோதனையான நேரம். இந்த மாதிரி நேரத்துலதான் அவசரப்படாம இருக்கறது எவ்வளவு முக்கியம்னு புரியும். நோயாளிகள் காத்திருக்காங்கன்னு சொல்றீங்க. நோயாளி காத்திருக்கறது ஒண்ணும் புதுசில்ல. ஆனா நாம ஒரு தடவை விதியை மீறிட்டா, அப்புறம் அந்த விதி இல்லாமலே காரியம் நடக்கும்னு நாலு பேருக்குத் தெரிஞ்சுடும். அதைவிட ஆபத்து எதாவது இருக்கா?”

இதற்குப் பிறகு தலைவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சர்வரின் ஒப்புதல் என்பது பிளகின் கழற்றினால்தானே தேவை? டிஸ்கை மனிதர்கள் தங்கள் கையாலேயே மாற்றினால்? பதிவாளர் சாவியை எடுத்தார். மேடம் சாட்சியாக நின்றார். மூன்று மணி இருபது நிமிடத்துக்கு நான்காம் அறையிலிருந்து தாளை இரண்டு கையாலும் எடுத்து, மெதுவாக, ஒன்பதாம் அறையில் வைத்தார்கள். பூட்டினார்கள். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

“ஒன்பது நிமிஷம்!” என்றார் தலைவர். “ஆறு மணி நேரம் ஆன வேலை!”

“சார், திரை இன்னும் காலியாத்தான் சார் இருக்கு,” என்றார் பிளகின்காரர்.

“திரையை ஏன் பாக்கறீங்க? பதிவேட்டைப் பாருங்க.”

பிளகின்காரர் தன் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தார். மேலதிகாரிகள் யாரையாவது பிடிக்கலாம் என்று நான்கு எண்களுக்கு அடித்தார். நான்கிலும், அது குழுவின் விஷயம் என்றார்கள். நான்கே முக்கால் ஆகியிருந்தது. கிளவுட்டின் சாவி, அதாவது உள்ளே நுழையும் பாஸ்வேர்ட், அவரிடம் இருந்தது. ஒரே ஒரு வரிக் கட்டளை. அடித்தார். டிஸ்க் செத்த சர்வரிலிருந்து கழன்றது, ஒன்பதாம் சர்வரில் மாட்டிக்கொண்டது, கன்டெய்னரின் கைக்குப் போனது. முப்பத்தெட்டு வினாடி.

ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அக்கா போன் செய்தார். “வந்துடுச்சாம்டா. கட்டியை மட்டும் எடுத்தாப் போதுமாம்.” அவ்வளவுதான் சொன்னார். தம்பி கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

மறுநாள் பத்தேகால் மணிக்குக் குழு அவரைக் கூப்பிட்டது. மேசையில் பதிவேடும், கிளவுட் கம்பெனியின் குறிப்பும் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று டிஸ்க் புதன் மூன்று இருபதுக்கு மாறியது என்றது. இன்னொன்று நான்கே முக்காலுக்கு மாறியது என்றது.

“ஒரு டிஸ்க் ஒரே நாள்ல ரெண்டு தடவை நாலாம் சர்வர்லேருந்து ஒன்பதாம் சர்வருக்குப் போக முடியாது,” என்றார் பதிவாளர். அவர் கண்கள் சிவந்திருந்தன. இரவெல்லாம் தூங்கவில்லை போலும்.

“போனது ஒரு தடவைதான் சார். நான் மாத்தினேன். நீங்க மாத்தினது தாளை.”

தாள் என்ற சொல்லைக் கேட்டதும் மூன்று பேரும், கெட்ட வார்த்தை காதில் விழுந்தது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு மேடம் மெதுவாகப் பேசினார்.

“நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நீங்க மாத்தினீங்கன்னு நாங்க பதிவு பண்ணினா, அது அனுமதி இல்லாம மாத்தின டிஸ்க். அனுமதி இல்லாத டிஸ்க்லேருந்து வந்த ரிப்போர்ட் எல்லாம் செல்லாது. பதினோரு ஆஸ்பத்திரியிலயும் இப்பவே திரும்பப் பெறணும். ஒரு பட்டன்தான். நாங்க மாத்தினோம்னா எல்லாம் செல்லும். உங்க அக்காவுக்கு இன்னிக்கு ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன். எத்தனை மணிக்கு?”

“பதினோரு மணிக்கு.”

“இப்ப பத்தரை.”

ஒரு வாக்குமூலம் தயாராக இருந்தது. புதன்கிழமை நான்கே முக்கால் மணிக்குத் தான் எதையும் தொடவில்லை, தொடுவதற்கு எதுவும் இருக்கவும் இல்லை, டிஸ்க் அதற்கு முன்பே குழுவின் கரங்களால் மாற்றப்பட்டுவிட்டது, கிளவுட் கம்பெனியின் கடிகாரம் பிழையானது. கீழே கையெழுத்துக்குக் கோடு. சுவரில் கடிகாரம் பத்து முப்பத்தொன்று காட்டியது. அவர் கையெழுத்துப் போட்டார். தலைவர் அவர் தோளில் தட்டி, “நிறுவனம் உங்களைக் கைவிடாது,” என்றார். மிரட்டல் எது, ஆறுதல் எது என்று அந்தக் கட்டடத்தில் யாருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

அக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பத்து நாளில் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

நிறுவனத்தில் விழா வைத்தார்கள். ஆறு மணி நேர வேலையை ஒன்பது நிமிடத்தில் முடித்த குழுவுக்குக் கேடயம் கொடுத்தார்கள். தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். பிளகின் ஒன்று உருவாக்கப்பட்டதாகவும், நெருக்கடி நேரத்தில் அது வெறுமனே காத்துக்கொண்டு நின்றதாகவும், இறுதியில் மனிதக் கரங்களே காப்பாற்றின என்றும் சொன்னார். அதில் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்பதுதான் பிளகின்காரருக்குத் தாங்கவில்லை. கைதட்டல் அடங்கியதும் மூன்று முடிவுகளைப் படித்தார்கள். பிளகின் நீக்கப்படுகிறது. அலமாரியில் இன்னும் அறுபது அறைகள் சேர்க்கப்படும். எல்லா டிஸ்குகளும் இனி அங்கேயே இருக்கும். பதிவாளர் ஓய்வு பெறுவதால் அலமாரிக்குப் பொறுப்பாக, அனுபவமுள்ள பிளகின்காரர் நியமிக்கப்படுகிறார்.

பொறுப்பேற்ற அன்று கிளவுட்டின் சாவியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவர் டிஸ்கில் கை வைக்கக் கூடாது என்பது விதி. வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தார். அக்காவுக்கு இன்னும் மூன்று வருடம் மாதாமாதம் சோதனை இருந்தது. அந்தப் பதினோரு ஆஸ்பத்திரிகளிலும் சோதனைக்கு ஊழியரின் குடும்பம் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

ஐந்தாவது வாரம் ஏழாம் சர்வர் செத்தது. பகல் பன்னிரண்டு மணி. பிளகின்காரர் அலமாரியைத் திறந்து, ஏழாம் அறையில் இருந்ததை எடுத்து இரண்டாம் அறையில் வைத்தார். இப்போது அவருக்கு நான்கு நிமிடம்தான் பிடித்தது. நேரம் எழுதிக் கையெழுத்துப் போடும்போது போன் அடித்தது. எங்கோ ஓர் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு நர்ஸ்.

“சார், ரத்த ரிப்போர்ட் திரையில வரல சார். பேஷன்ட்டை டேபிள்ல படுக்க வெச்சாச்சு. டாக்டர் கையைக் கழுவிட்டு நிக்கறாரு.”

“மாத்தியாச்சுங்க,” என்றார் பிளகின்காரர். “பன்னிரண்டு நாலுக்கு.”

“இங்க ஒண்ணும் வரலையே சார்?”

அந்த ஒரு வரி அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். விரல்கள் மேசையின் மீது அதை ஒரு தடவை அடித்தும் பார்த்தன. அவர் முன்னால் பதிவேடும் பேனாவும்தான் இருந்தன.

“சார்? இருக்கீங்களா? எவ்வளவு நேரம் ஆகும்னு மட்டும் சொல்லுங்க. அவர் பயந்துபோய்ப் படுத்திருக்காரு. வெயிட் பண்ணச் சொல்லட்டுமா, இல்ல டேபிள்லேருந்து இறக்கிடட்டுமா?”

பிளகின்காரர் பதிவேட்டைப் பார்த்தார். மாற்றம் நிறைவு என்று தன் கையாலேயே எழுதியிருந்தார். மை இன்னும் காயவில்லை.

“இறக்கிடுங்க,” என்றார்.